வைரஸைவிட மாத்திரை நின்றதுதான் பெரிய ஆபத்து! - ராயபுரம் முதல் எண்ணூர் வரை... குடல் அழற்சி நோயாளிகளின் கொரோனா காலம்

ஒரு நாளைக்கு எத்தனை தடவை டாய்லெட் போவீங்க? ஒண்ணு, ரெண்டு... வயிறு சரியில்லாத நாளில் நாலு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் நோய் இருப்பவரிடம், நோய் முற்றியிருக்கும் வாரத்தில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு என்பார். அதில் நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியதும் உண்டு. ரத்தம் கலந்து போகும், அடிவயிற்றைப் பிசையும், 'வருது' என்று தெரிந்த பிறகு ஒரு நிமிஷம்கூட அடக்க முடியாது.

இப்போது அந்த நபரை 2020 மே மாதத்து ராயபுரத்தில், ஒரு சந்துக்குள் வைத்து யோசித்துப் பாருங்கள். ஆறு குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை. தெருமுனையைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம்தான். ஆனால், 'அங்க போனா கொரோனாவையும் சேத்து வாங்கிட்டு வருவே' என்று வீட்டில் பயப்படுகிறார்கள். கையில் இருக்கும் மாத்திரை இன்னும் நாலு நாளைக்குத்தான் வரும்.

அந்த நாலு நாளுக்குப் பிறகு என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை. கொரோனா முடிந்து இத்தனை வருஷம் கழித்து இது எதற்கு என்று கேட்கலாம். 2025 மே, ஜூனில் இந்தியாவில் கொரோனா எண்ணிக்கை மறுபடி ஏறியது. சிகிச்சையில் இருப்பவர்கள் எண்ணிக்கை 7,000-ஐத் தாண்டிவிட்டுத்தான் இறங்கியது. அப்போது பேசப்பட்ட என்.பி.1.8.1 என்ற உருமாறிய வகை தமிழ்நாட்டிலும் கண்டறியப்பட்டது. அது பெரிய அலையாக மாறவில்லை, நல்லதுதான். ஆனால், அடிக்கடி தும்மும் ஊருக்கும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கும் இடையில் இருக்கும் கணக்கு இன்னும் தீரவில்லை.

'ஒண்ணும் இல்ல, சூடு... மோர் குடி!'

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஐ.பி.எஸ் வேறு, ஐ.பி.டி வேறு. பரீட்சை, இன்டர்வியூ என்றால் வயிற்றைக் கலக்குவது ஐ.பி.எஸ் ஆக இருக்கலாம். தொந்தரவுதான், ஆனால் அதில் குடலில் புண் வராது. ஐ.பி.டி எனப்படும் குடல் அழற்சி நோயில், நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குகிறது. பெருங்குடலின் உள்பூச்சோடு நின்றால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், குடல் சுவரின் ஆழம் வரை போனால் கிரோன்ஸ்.

பெரும்பாலும் 15 வயதிலிருந்து 35 வயதுக்குள் தொடங்குகிறது. அதாவது காலேஜ், முதல் வேலை, கல்யாணப் பேச்சு எல்லாம் நடக்கும் வயதில். முழுசாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால், சரியான மருந்தோடு பல வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்க முடியும். இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். பஞ்சாபில் வீடு வீடாகப் போய் எடுத்து 2003-ல் வெளியான ஆய்வு, ஒரு லட்சம் பேரில் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பதைக் காட்டியது. அப்போதே அது சின்ன எண்ணிக்கை இல்லை.

நம்ம ஊரில் இந்த நோயின் முதல் ஒரு வருஷம் பெரும்பாலும் வேறு பெயரில்தான் கழியும். மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலம்'. அடிக்கடி போனால் 'உடம்பு சூடு'. எடை குறைந்தால் 'நேரத்துக்குச் சாப்பிடறது இல்ல'. மோர், வெந்தயம், மாதுளம் ஓடு என்று வீட்டு வைத்தியம் ஒரு சுற்று முடிந்த பிறகுதான் கொலனோஸ்கோபி பக்கம் போவார்கள். பையன்களாவது பரவாயில்லை. ஒரு பொண்ணு 'எனக்கு மலத்துல ரத்தம் போகுது' என்று வாய்விட்டுச் சொல்ல எத்தனை மாசம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்?

பயந்தது ஒன்று, நடந்தது வேறொன்று

2020 மார்ச்சில் உலகம் முழுக்க ஐ.பி.டி நோயாளிகளுக்கு வந்த பயம் நியாயமானது. இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் பல, எதிர்ப்பு சக்தியை அடக்குபவை. அஸதயோப்ரின் மாத்திரை, இன்ஃபிளிக்ஸிமாப் ஊசி, ஸ்டீராய்டு எல்லாம் அந்த ரகம். ஊரெல்லாம் 'இம்யூனிட்டியை ஏத்துங்க' என்று கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது, இம்யூனிட்டியை இறக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்குவது எப்படி இருக்கும்? பலருக்கும் தோன்றிய முதல் யோசனை, 'கொஞ்ச நாளைக்கு நிறுத்திடலாமா?'

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்திலும் நியூயார்க்கின் மவுன்ட் சினாயிலும் இருந்த குடல் நோய் மருத்துவர்கள் 2020 மார்ச்சிலேயே ஒரு சர்வதேசப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். பெயர் செக்யூர்-ஐ.பி.டி. கொரோனா வந்த ஐ.பி.டி நோயாளி யாரைப் பார்த்தாலும், பெயர் இல்லாமல், விவரத்தை மட்டும் அதில் பதியும்படி உலக டாக்டர்களைக் கேட்டார்கள். முதல் முடிவு சில மாதங்களிலேயே வந்தது. 33 நாடுகள், 525 நோயாளிகள். அதில் 161 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 16 பேர் இறந்தார்கள்.

யாருக்கு நிலைமை மோசமானது என்று பார்த்தபோதுதான் ஆச்சரியம். எல்லோரும் பயந்த இன்ஃபிளிக்ஸிமாப் வகை ஊசிகளால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையில் இருந்தவர்களுக்குத்தான், மற்றவர்களோடு ஒப்பிட்டால், தீவிர கொரோனாவுக்கான சாத்தியம் ஏறக்குறைய ஏழு மடங்கு. பிறகு 47 நாடுகளில் 1,439 பேர் என்று பதிவேடு வளர்ந்தபோது அஸதயோப்ரின் மேலும் கொஞ்சம் சந்தேகம் விழுந்தது. குறிப்பாக அதை அந்த ஊசியோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு. ஊசியை மட்டும் எடுத்தவர்கள் அப்போதும் தப்பினார்கள்.

இதை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. ஸ்டீராய்டு யாருக்குக் கொடுப்பார்கள்? நோய் கட்டுக்குள் இல்லாதவருக்கு. ஏற்கெனவே ரத்தம் போய், சத்துக் குறைந்து, படுத்திருப்பவருக்கு. ஆகவே அந்த ஏழு மடங்கில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, முற்றிய நோயின் பங்கு எவ்வளவு என்று கத்தி வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால், நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. குடல் அமைதியாக இருக்கும்போது கொரோனா வந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். குடல் கொதித்துக்கொண்டிருக்கும்போது, ஸ்டீராய்டில் இருக்கும்போது வந்தால் சிக்கல். இன்னொன்றும் உண்டு. முற்றிய ஐ.பி.டி-யிலும் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், கொரோனாவிலும் அதே ஆபத்து. இரண்டும் ஒரே உடம்பில் சேரக் கூடாது.

அதனால்தான் 2020 ஏப்ரலிலேயே நிபுணர் குழுக்களின் அறிவுரை தெளிவாக இருந்தது. கொரோனா இல்லாதவர்கள் யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது. கொரோனா வந்துவிட்டால், அஸதயோப்ரின் போன்றவற்றை டாக்டர் தாற்காலிகமாக நிறுத்துவார், ஊசியைக் கொஞ்சம் தள்ளிவைப்பார், ஸ்டீராய்டு அளவை மெதுவாகக் குறைப்பார். மெதுவாக என்பதை இங்கே கவனியுங்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்கவேண்டிய ஹார்மோன் சுரக்காமல், ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதே ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த டெக்ஸாமெத்தசோன்தான், ஆக்ஸிஜனிலும் வென்டிலேட்டரிலும் இருந்த கொரோனா நோயாளிகளின் உயிரைக் காப்பாற்றியது என்று 2020 ஜூன் 16-ல் இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு அறிவித்தது. அப்போ ஸ்டீராய்டு நல்லதா, கெட்டதா? ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. வாட்ஸ்அப்பில் பரவியது முதல் பாதி மட்டும்.

தகரம் அடித்த தெரு

பதிவேட்டில் வரும் 33 நாட்டுக் கணக்கு வாஷிங்டனுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் ஒன்றுதான். வித்தியாசம், குடலை அமைதியாக வைத்துக்கொள்ள யாருக்கு வசதி இருந்தது என்பதில்.

2020 ஆகஸ்ட் 28-ல் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே பதவி விலகுவதாக அறிவித்தார். டீன் ஏஜிலிருந்தே அவருக்கு இருந்த அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மறுபடி தலைதூக்கிவிட்டது. 2007-ல் முதல் முறை பதவியை விட்டபோதும் இதே நோய். இடையில் புதிய மருந்து கிடைத்துத்தான் 2012-ல் திரும்ப வந்தார். ஒரு நாட்டின் பிரதமருக்கே, அத்தனை டாக்டர்கள் சூழ இருந்தும், பெருந்தொற்றுக்கு நடுவில் குடல் சொன்னபடி கேட்கவில்லை.

அந்தக் கோடையில் சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் அடிக்கடி முதலிடத்தில் வந்த பெயர் ராயபுரம். ஜூன் முதல் வாரத்திலேயே அந்த ஒரு மண்டலத்தில் பாதிப்பு 3,000-ஐத் தாண்டியது. தண்டையார்பேட்டை, திரு.வி.க நகரிலும் பாதிப்பு அதிகம். துறைமுகத்தைச் சுற்றி நூறு வருஷத்துக்கு மேலாக உழைக்கும் ஜனங்கள் நெருக்கியடித்து வாழும் தெருக்கள் இவை. டி.வி-யில் 'சமூக இடைவெளி' என்று சொல்லும்போது, ஒரே அறையில் ஆறு பேர் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாசிட்டிவ் வந்தவரை வீட்டில் தனிமைப்படுத்த தனி அறையும் தனி கழிப்பறையும் வேண்டும். இல்லாதவர்கள் மாநகராட்சியின் கோவிட் கேர் சென்டருக்குப் போகவேண்டும். நியாயமான விதிதான். ஆனால், இப்படி யோசியுங்கள். திருவொற்றியூரில் ஒரு 26 வயதுப் பையன், கன்டெய்னர் யார்டில் வேலை, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று ஒரு கற்பனைக்கு வைத்துக்கொள்வோம். நோய் முற்றிய நிலையில் லேசான காய்ச்சலோடு அவனை ஒரு பெரிய ஹாலுக்கு அனுப்புகிறார்கள். வரிசையாகக் கட்டில்கள், கோடியில் பொதுக் கழிப்பறை. அவன் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை அங்கே போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் வெளியே ஒருத்தர் கதவைத் தட்டுவார். 'எவ்ளோ நேரம்பா உள்ள?'

இப்படிப்பட்டவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள். தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். போகாமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் வழி என்று உடம்பு கற்றுவைத்திருக்கும். காய்ச்சலும் பேதியும் இருக்கும் உடம்புக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

பேதி இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவந்தது. கொரோனாவின் அறிகுறிகளில் பேதியும் ஒன்று. வைரஸ் நுழையப் பயன்படுத்தும் வாசல்கள் நுரையீரலில் இருப்பதுபோல குடலிலும் இருக்கின்றன. ஐ.பி.டி இருப்பவருக்குத் திடீரென்று வயிறு மோசமானால் அது நோய் திரும்பியதா, கொரோனாவா, வேறு கிருமியா? டெஸ்ட் எடுக்காமல் அதைச் சொல்ல முடியாது. ஆனால், டெஸ்ட் எடுத்துப் பாசிட்டிவ் வந்தால் வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்கள். 'வழக்கமா வர்றதுதானே' என்று சும்மா இருந்துவிடுவதில் இருக்கும் தர்க்கம் புரிகிறதா?

ஸ்டான்லி வரை எப்படிப் போவது?

பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனைதான் வடசென்னையின் குடல் நோயாளிகளுக்கு ஆதாரம். அரசு மருத்துவமனைகளில் குடல், கல்லீரல் சிகிச்சைக்குப் பெயர் வாங்கிய இடம். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே நடக்கிற இடம். எண்ணூரிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஆட்கள் மாசாமாசம் மாத்திரைச் சீட்டோடு இங்கேதான் வருவார்கள். வந்துகொண்டிருந்தது மின்சார ரயிலில்.

2020 மார்ச்சில் ரயில் நின்றது. மாநகரப் பேருந்து திரும்ப ஓடியது செப்டம்பர் 1-ல். மின்சார ரயில் அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் எல்லோருக்கும் திறந்தது. திருவொற்றியூர் பக்கம் மெட்ரோ? விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததே 2021 பிப்ரவரியில்தான். எண்ணூர் சென்னை மாநகராட்சிக்குள், ஆற்றைத் தாண்டிய அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம். நடுவில் மாவட்ட எல்லை. அதைத் தாண்ட இ-பாஸ். மருத்துவ அவசரத்துக்கு இ-பாஸ் உண்டு என்பது உண்மைதான். ஆனால், 'மாத்திரை தீர்ந்துபோச்சு' என்பதை யார் அவசரம் என்று எழுதுவார்கள்? தீர்ந்துபோய் மூணு வாரம் கழித்துத்தான் அது அவசரமாகும்.

நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாதவர்களின் கதை வேறு. 2020 மார்ச்சிலேயே இந்தியாவின் குடல், கல்லீரல் நோய் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து, அவசரம் இல்லாத எண்டோஸ்கோபிகளைத் தள்ளிவைக்கச் சொல்லின. டாக்டர்கள், நர்ஸ்களின் பாதுகாப்புக்கு அது தேவைப்பட்டது. அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால், கொலனோஸ்கோபி இல்லாமல் இந்த நோயை உறுதிசெய்யவும் முடியாது.

நம் ஊரில் இந்தத் தாமதம் இரட்டிப்பு ஆபத்து. காரணம், காசநோய். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, குடலிலும் வரும். குடல் காசநோயும் கிரோன்ஸும் கிட்டத்தட்ட ஒட்டிப்பிறந்த இரட்டையர் மாதிரி. அதே வயிற்றுவலி, அதே எடைக்குறைவு, ஸ்கேனில் அதே இடத்தில் அதே தடிப்பு. அனுபவமுள்ள டாக்டர்களே திசு எடுத்துப் பார்த்தும் தடுமாறுவார்கள். இரண்டுக்கும் சிகிச்சை நேரெதிர். கிரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, அது காசநோயாக இருந்துவிட்டால், உள்ளே இருக்கும் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. இன்ஃபிளிக்ஸிமாப் போடுவதற்கு முன்பு, உடம்பில் காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பதும் இதனால்தான்.

2019-ல் இந்தியாவில் 24.04 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-ல் 18.05 லட்சம். ஒரே வருஷத்தில் கால்வாசிப் பேர் கணக்கில் காணோம். காசநோய் திடீரென்று குறைந்துவிடவில்லை, யாரும் வந்து பரிசோதிக்கவில்லை. அரசாங்கமே வருஷாவருஷம் எண்ணும் காசநோய்க்கே இந்த நிலை என்றால், யாரும் எண்ணாத ஐ.பி.டி-க்கு?

நாலு நாளுக்குப் பிறகு...

ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வருவோம். மாத்திரை தீர்ந்த ராயபுரத்து நோயாளி.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸை அடக்கிவைக்கும் அடிப்படை மாத்திரை மெசலமைன். அது எதிர்ப்பு சக்தியைப் பெரிதாகக் குறைப்பதில்லை, வருஷக்கணக்கில் சாப்பிடலாம். வெளியே கடையில் வாங்கினால் மாசத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும். சின்ன மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காமலும் போகலாம். வேலை இல்லாத மாசத்தில், அம்மா உணவகத்தில் சாப்பிடும் குடும்பத்தில், 'இப்போ நல்லாத்தானே இருக்கே' என்று முதலில் நிற்பது இந்த மாத்திரைதான்.

நின்ற உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் ஏமாற்று. சில வாரம் போகும். பிறகு லேசாக ரத்தம் எட்டிப் பார்க்கும். அப்புறம் நாலு தடவை, ஆறு தடவை. இப்போது கையில் இருப்பது பழைய சீட்டு ஒன்று. அதில் டாக்டர் எப்போதோ எழுதிய பிரெட்னிசலோன், அதாவது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து. ஆனால், எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும், ஒரு ஸ்ட்ரிப் ஒரு டீ-வடை காசுக்குள் முடிந்துவிடும். சாப்பிட்ட ரெண்டு நாளில் ரத்தம் நின்று, பசி எடுத்து, உடம்பில் தெம்பு வரும். அற்புதமான மருந்து. அதில்தான் கெடுதலே. நல்லாயிருக்கு என்று தொடர்வார்கள், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், நிறுத்தினால் நோய் திரும்பும், மறுபடி தொடங்குவார்கள்.

செக்யூர்-ஐ.பி.டி பதிவேட்டின் ஏழு மடங்கை இங்கே வைத்துப் பாருங்கள். கொரோனாவுக்குப் பயந்து ஆபத்தில்லாத மருந்து நின்றது. அதனால் நோய் முற்றியது. அதனால் ஆபத்தான மருந்து உள்ளே வந்தது. கடைசியில் கொரோனா தெருவுக்குள் வந்து நிற்கும்போது, அந்த உடம்பு எந்த நிலையில் இருக்கக் கூடாதோ அந்த நிலையில் இருக்கிறது. இதில் வைரஸின் வேலை கடைசிப் படி மட்டும். மற்றதெல்லாம் பஸ், பணம், மாத்திரைச் சீட்டு.

2021-ன் இரண்டாவது அலையில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கருப்புப் பூஞ்சை என்று ஊரே நடுங்கியதே, அது ஸ்டீராய்டும் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் சேர்ந்த இடத்தில்தான் அதிகம் வந்தது. அந்த மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட்ட நோய் என்றே ஆக்கியது. ஸ்டீராய்டைக் கையில் கிடைத்தபடி விழுங்கக் கூடாது என்று டி.வி-யில் எல்லா டாக்டர்களும் சொன்னார்கள். வருஷக்கணக்காக அதை விழுங்கிக்கொண்டிருந்த குடல் நோயாளிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

45 என்ற கோடு

தடுப்பூசி வந்தபோது வரிசை எப்படிப் போட்டார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? 2021 மார்ச் 1-ல் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், 45 முதல் 59 வயதில் இணைநோய் உள்ளவர்களுக்கும் திறந்தது. இணைநோய்ப் பட்டியலில் 20 நிலைகள். நீண்ட நாள் ஸ்டீராய்டு அல்லது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் அதில் இருந்தார்கள். ஆகா, நம்ம ஆளுக்கும் இடம் இருக்கிறதே என்று பார்த்தால், வயதுக் கோடு வெளியே தள்ளிவிட்டது. இது 20, 30 வயதுக்காரர்களைப் பிடிக்கும் நோய். அஸதயோப்ரின் சாப்பிடும் 26 வயதுக்காரர், எந்த நோயும் இல்லாத அதே வயது நண்பனோடு சேர்ந்து காத்திருந்தார். 18 வயதுக்கு மேல் எல்லோருக்கும் மே 1 முதல் என்று அறிவித்தாலும், தமிழ்நாட்டில் ஊசி வந்து அது தொடங்க மே 20 ஆனது. இரண்டாவது அலை உச்சியில் இருந்த நாள்கள் அவை.

'இந்த மருந்தோட தடுப்பூசி போடலாமா?' என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காமல் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. போடலாம். கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலுமே உடம்பில் பெருகக்கூடிய உயிருள்ள வைரஸ் இல்லை. ஆனால், ஒரு விஷயம் உண்மை. இங்கிலாந்தின் கிளாரிட்டி ஆய்வு, இன்ஃபிளிக்ஸிமாப் எடுப்பவர்களுக்குத் தடுப்பூசிக்குப் பின் உருவாகும் எதிர்ப்பொருள் குறைவாக இருப்பதைக் காட்டியது. அமெரிக்காவில் 2021 ஆகஸ்ட்டிலேயே எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு மூன்றாவது ஊசி கொடுத்தார்கள். இந்தியாவில் 2022 ஜனவரியில் மூன்றாவது ஊசி தொடங்கியபோதும், மருத்துவ, முன்களப் பணியாளர்களுக்கும் இணைநோய் உள்ள 60 வயதுக்காரர்களுக்கும்தான். மறுபடி அதே கோடு. அடுத்த தடவை வரிசை போடுபவர்கள் வயதை மட்டும் பார்க்காமல் மாத்திரைச் சீட்டையும் பார்த்தால் போதும்.

வீடு தேடி வரும் மருந்துப்பையில்...

பெருந்தொற்று கொடுத்த நல்ல விஷயங்களில் ஒன்று, தமிழ்நாட்டின் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பிசியோதெரபி, வலி தணிக்கும் பராமரிப்பு, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்கான பைகள் வரை உண்டு. 2024-ல் ஐ.நா-வின் விருதும் கிடைத்தது. கிடைக்கவேண்டிய விருதுதான்.

அந்தப் பையில் மெசலமைனுக்கும் அஸதயோப்ரினுக்கும் இடம் கொடுக்க முடியாதா? டயாலிசிஸ் பையையே வீட்டுக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு நாலு ஸ்ட்ரிப் மாத்திரை ஒரு பாரமா? ஸ்டான்லியில் ஒருமுறை நோயை உறுதிசெய்து, மருந்தை முடிவுசெய்துவிட்டால், மாசாமாசம் வாங்குவது எண்ணூர், திருவொற்றியூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கலாம். நோயாளிகள் எண்ணிக்கை சர்க்கரை மாதிரி கோடிக்கணக்கில் இல்லை என்பது இங்கே வசதியே தவிர, தள்ளிப்போடக் காரணம் இல்லை.

இது கொரோனாவுக்கு மட்டுமான தேவையும் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் கலந்து எண்ணூர் முகத்துவார வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவை ஒட்டி பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் கட்டிய துணியோடு ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் யாரும் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. இந்தப் பக்கத்தில் வாழ்பவர்களுக்குப் பேரிடர் என்பது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது இல்லை.

உங்களுக்கோ, நண்பருக்கோ இந்த நோய் இருந்தால், அரசாங்கம் பட்டியலை மாற்றும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. மருந்துச் சீட்டையும் கடைசி கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டையும் போனில் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துவிடுங்கள். மருந்து எப்போதும் ஒரு மாசத்துக்கு முன்கூட்டியே கையில் இருக்கட்டும். டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது, 'எனக்குக் காய்ச்சல் வந்தா இதுல எதை நிறுத்தணும், எதை நிறுத்தக் கூடாது?' என்று நேராகக் கேட்டு, அதை அவர் கையாலேயே சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத நாளில் இ-சஞ்சீவனி வழியாக வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாம். 2020-ல் தொடங்கியபோது அதை நாட்டிலேயே அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 104-க்கு போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

காய்ச்சல், உடம்புவலி என்றால் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் தூங்கும் குடல் நோயை எழுப்பிவிடலாம். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். அது குடலின் நல்ல கிருமிகளைக் கொன்று, ஐ.பி.டி-காரர்களை எளிதில் பிடிக்கும் சி.டிஃபிசில் என்ற இன்னொரு தொற்றுக்கு இடம்கொடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் பெயர் தெரியாத மாத்திரைகளை ஒரு சின்ன கவரில் போட்டு 'காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று நீட்டினால், காசு கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"அண்ணா, இதுல ஸ்டீராய்டு எது?"